சீனப் பயண நாட்குறிப்பு: ஷியானில் மண் படையும் ஒரு துறவியும்

இன்றைய நிரலை நேற்று இரவே டூர் மேனேஜர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். எட்டு மணிக்குப் பஸ். சுடுமண் வீரர்களுக்கு மூன்று மணி நேரம், மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம், 'கைவினைக் கூடம்' ஒன்றரை மணி நேரம், பெரிய காட்டு வாத்துக் கோபுரம் நாற்பது நிமிடம், நகர மதில் ஒரு மணி நேரம், அப்புறம் முஸ்லிம் தெரு, இரவுச் சாப்பாடு, ஹோட்டல். படித்ததும் எனக்கு உறுத்தியது அந்த நாற்பது நிமிடம்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

(சீனாவில் வாட்ஸ்அப்பை முடக்கியிருக்கிறார்களே, அங்கே எப்படித் திறக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இந்திய சிம்மை ரோமிங்கில் வைத்திருப்பவர்களுக்குத் திறக்கிறது. ஹோட்டல் வைஃபையை நம்பி வந்தவர்களுக்கு ஒன்றும் வராது. அவர்களுக்கு மேனேஜர் அறை அறையாகக் கதவைத் தட்டித்தான் சொல்லிவிட்டுப் போனார்.)

காலையில் ஏழு மணிக்குத்தான் வெளிச்சமே சரியாக வந்தது. இவ்வளவு பெரிய நாடு முழுவதற்கும் பெய்ஜிங் நேரம் ஒன்றுதான். ஷியான் பெய்ஜிங்குக்கு மேற்கே உள்ளே தள்ளி இருப்பதால் அக்டோபர் கடைசியில் சூரியன் சோம்பேறியாகிவிடுகிறது. நாங்களும் அப்படியே. எட்டு மணிப் பஸ் எட்டேகாலுக்குத்தான் கிளம்பியது. மயிலாப்பூர் மாமி வெந்நீர் பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு வரவேண்டியிருந்தது. வெந்நீருக்கு மட்டும் இந்த நாட்டில் எங்கும் பஞ்சமில்லை. ரயில் நிலையம், விமான நிலையம், ஹோட்டல் எங்கு பார்த்தாலும் குழாயைத் திருகினால் கொதிக்கக் கொதிக்க வருகிறது. மாமி காலையிலேயே சீனாவுக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டார்.

சுடுமண் வீரர்கள் என்றால், சீனாவின் முதல் பேரரசருடைய கல்லறைக்குக் காவலாகப் புதைத்து வைத்த ஆளுயர மண் படை. அது இருக்கும் லின்டோங், நகரத்திலிருந்து கிழக்கே 40 கி.மீ. அளவில். போகும் வழியில் எங்கள் வழிகாட்டிப் பெண் மைக்கைப் பிடித்து, சக்கரவர்த்தி சின் ஷி ஹுவாங் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார். பதின்மூன்று வயதில், கி.மு. 246-இல், சின் நாட்டுக்கு அரசனானவர். அக்கம்பக்கத்து ஆறு நாடுகளையும் ஒவ்வொன்றாக விழுங்கி, கி.மு. 221-இல் முதல் பேரரசர் என்று தனக்குத் தானே பட்டம் சூட்டிக்கொண்டார். எடைக்கல், நாணயம், எழுத்து, வண்டிச் சக்கரங்களுக்கு நடுவே இருக்கவேண்டிய அகலம் எல்லாவற்றையும் நாடு முழுக்க ஒன்றாக்கினார். சாவுக்கு மட்டும் ரொம்பப் பயம். சாகாமலிருக்க மருந்து தேடி ஆட்களைக் கடலுக்கு அனுப்பினார். அப்படியும் கி.மு. 210-இல், கிழக்குப் பக்கம் சுற்றுப்பயணம் போன இடத்தில், ஐம்பது வயதை ஒட்டி இறந்துபோனார்.

இறந்த செய்தி வெளியே தெரிந்தால் கலகம் வரும் என்று மந்திரிகள் மறைத்தார்களாம். வெயில் காலம். பல்லக்கு வண்டியிலிருந்து நாற்றம் வரத் தொடங்கியதும், கூடவே வண்டியில் உப்பிட்ட மீனை ஏற்றி வரச் சொன்னார்களாம். சிமா சியென் என்ற வரலாற்றாசிரியர் சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு எழுதி வைத்திருக்கிறார்.

"கருவாடா?" என்று பின் சீட்டிலிருந்து தூத்துக்குடி அண்ணாச்சி கேட்டார். மேனேஜர் அதை மொழிபெயர்த்துச் சொல்ல, அந்தப் பெண் யோசித்து, ஆமாம், கிட்டத்தட்ட அதுதான் என்றார். அதோடு பஸ் முழுக்கக் கருவாட்டுப் பேச்சு. முதல் பேரரசரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

நுழைவுச் சீட்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டும். ஆளுக்கு 120 யுவான். எங்களுக்கு அது டூர் கட்டணத்திலேயே சேர்ந்தது. வாசலிலிருந்து, வீரர்கள் நிற்கும் குழிகள் இருக்கும் இடத்துக்கு நல்ல நடை இருக்கிறது. மூட்டுவலிக்காரர்கள் பேட்டரி வண்டியில் போனார்கள், மற்றவர்கள் வழிகாட்டியின் கையிலிருந்த கொடியைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். எங்கள் கொடி ஆரஞ்சு. அதே ஆரஞ்சில் இன்னொரு குழுவும் வந்திருந்தது. பெங்களூர்க்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் அவர்களோடு போய்விட்டுத் திரும்பி வந்தார்.

முதலாம் குழி. படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் உள்ளே நுழைந்ததும் கால் நிற்கிறது. 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம். மேலே ரயில் நிலையம் மாதிரி வளைந்த இரும்புக் கூரை. முன்னால் மூன்று வரிசை, அவர்களுக்குப் பின்னால் நீள நீளமாகச் சந்துகள், அவற்றில் நாலு நாலு பேராக வீரர்கள். முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்கிறார்கள். சின் நாட்டுக்கு எதிரிகள் எல்லாம் கிழக்கேதான் இருந்தார்கள். இந்த ஒரு குழியில் மட்டும் ஆறாயிரம் உருவங்கள் இருக்கும் என்று கணக்கு. பாதிக்கு மேல் இன்னும் மண்ணுக்குள்ளேயே. எல்லாக் குழிகளையும் சேர்த்தால் எட்டாயிரம் என்கிறார்கள்.

1974 மார்ச்சில் மழை இல்லாமல் கிணறு தோண்டிய விவசாயிகளின் மண்வெட்டியில் பட்டுத்தான் இது வெளியே வந்தது. சக்கரவர்த்தியின் கல்லறைக்கு ஏழு லட்சம் பேர் உழைத்தார்கள், உள்ளே பாதரசத்தால் ஆறுகள் ஓடவிட்டார்கள் என்றெல்லாம் எழுதிய சிமா சியென், இந்த மண் படையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதாவது, இரண்டாயிரம் வருடம் இதைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. கிணறு வெட்டியவர்களில் ஒருவர் பின்னாளில் அருங்காட்சியகக் கடையில் உட்கார்ந்து, புத்தகம் வாங்குகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிணறு வெட்டிய இடத்தை ஒரு சின்னப் பலகை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதைத் தேடிப் பாருங்கள். கூட்டத்தில் பாதிப்பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நெருங்கிப் பார்க்கும்போதுதான் அது ஆள் ஆளாகப் பிரிகிறது. ஒருவனுக்கு மீசை முறுக்கு, ஒருவனுக்குக் கன்னம் ஒட்டியிருக்கிறது, ஒருவன் தொப்பைக்காரன். கொண்டையை நேர் உச்சியில் போடாமல் வலப்பக்கம் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். தலைக்கவசம் யாருக்கும் கிடையாது. கால்கள் கெட்டி மண். உடம்பு உள்ளே கூடு. மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி மேலே ஏற்றி, தலையையும் கையையும் தனியாகச் செய்து பொருத்தியிருக்கிறார்கள். அச்சில் எடுத்த முகத்தின் மேல் கையால் காதும் மூக்கும் தாடியும் திருத்தியதால்தான் ஒன்று போல் ஒன்று இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் அய்யனார் கோயிலுக்குப் பெரிய மண்குதிரை செய்கிற வேளார்கள் இதைப் பார்த்தால், நம்மைப்போல் வாயைப் பிளந்து நிற்கமாட்டார்கள். சூளை எங்கே வைத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். சில உருவங்களில் செய்த குயவரின் பெயர் குத்தப்பட்டிருக்கிறது. அது பெருமைக்காக இல்லை. விரிசல் விட்டால் யாரைப் பிடிப்பது என்று அதிகாரிக்குத் தெரியவேண்டும்.

எல்லோரும் முன்பக்கக் கம்பியில் முட்டி மோதிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால் இந்தக் குழியில் பார்க்கவேண்டிய இடம் பின்பக்கம். பக்கவாட்டில் நடந்து கடைசிக்குப் போனால் வேலை நடக்கிற பகுதி வரும். தலையில்லாத உடல்கள், ஒட்டிப் பட்டை கட்டி நிறுத்திய குதிரைகள், எண் எழுதிய துண்டுகள், காகிதம் சுற்றிய கைகள். முன்னால் கம்பீரமாக நிற்பவர்கள் எல்லோரும் இப்படித் துண்டு துண்டாகக் கிடந்து எழுந்தவர்கள்தான். சக்கரவர்த்தி செத்த நாலைந்து வருடத்துக்குள் கலகக்காரர்கள் வந்து ஆயுதங்களைப் பிடுங்கிக்கொண்டு தீ வைத்ததாகச் சொல்கிறார்கள். மேலே போட்டிருந்த மர உத்தரங்கள் எரிந்தும் மக்கியும் சரிய, மண் மொத்தமும் இவர்கள் தலையில் இறங்கிவிட்டது. சந்துகளுக்கு நடுவே உள்ள மண் மேடு அலை அலையாக இருக்கிறதே, அது அந்த உத்தரங்கள் அமுங்கிய தடம்.

நிறம் எங்கே என்று கேட்காதீர்கள். இவர்கள் எல்லோருக்கும் சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயம் பூசியிருந்தது. அரக்குப் பூச்சின் மேல் அடித்த நிறம் அது. மண்ணிலிருந்து வெளியே எடுத்ததும் இந்த ஊர் உலர்ந்த காற்றில் அரக்கு சுருண்டு, சில நிமிடங்களில் நிறம் உதிர்ந்துவிடுகிறது. அதனால்தான் மிச்சத்தை அவசரப்பட்டுத் தோண்டாமல் விட்டிருக்கிறார்கள். சக்கரவர்த்தியின் கல்லறையையும் திறக்கவில்லை. அந்த மேட்டு மண்ணைச் சோதித்ததில் பாதரசம் வழக்கத்தைவிட நிறையவே இருந்தது என்பது மட்டும் தெரியும். இந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது. அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. "ஒரு கேமராவையாவது உள்ள விட்டுப் பாக்கலாம்ல?" என்றார்.

மூன்றாம் குழி சின்னது. 68 உருவங்கள், தளபதிகளின் பாசறை என்கிறார்கள். இரண்டாம் குழியில் பெரும்பாலும் மூடின மண்தான், ஆனால் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கும் சிலரை இங்கேதான் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். மண்டியிட்ட வில்லாளியின் பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். மடிந்த காலில் செருப்பின் அடிப்பாகம் தெரியும். அதில் தையல் புள்ளிகளைக்கூட வரிசையாகக் குத்தியிருக்கிறார்கள். மண்ணுக்குள் புதைக்கப் போகிற ஒருவனின் செருப்புக்கு அடியில்!

வெண்கலத் தேர்கள் பார்க்கவில்லை. 1980-இல் கல்லறை மேட்டின் பக்கத்தில் கிடைத்த, நிஜத்தில் பாதி அளவுள்ள இரண்டு தேர்கள். ஒவ்வொன்றும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளால் ஆனது. இப்போது அவற்றைக் கல்லறைத் தோட்டத்தில் தனிக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். சீட்டு ஒன்றேதான், இலவசப் பஸ்ஸும் உண்டு. ஆனால் "டைம் இல்ல சார்" என்றார் மேனேஜர். இந்தப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே வரும் வழி நீளமான கடைத்தெரு. நம்மைக் கடைகளின் நடுவே விட்டுத்தான் பஸ் நிறுத்தத்துக்குச் சேர்க்கிறார்கள். லின்டோங் மாதுளைக்குப் பேர் போனது. நம் ஊர் மாதுளையைவிடப் பெரிது, விதை மெது. கண்ணெதிரே பிழிந்து தருகிற சாறும் உண்டு. அப்புறம் சின்னச் சின்ன மண் வீரர்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு துரத்துகிறவர்கள். நூறு யுவானில் ஆரம்பித்த பெண்மணி அண்ணாச்சியிடம் இருபதுக்கு இறங்கினார். கால்குலேட்டரில் எண்களைத் தட்டி மாறி மாறிக் காட்டியே பேரம் முடிந்துவிட்டது. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரெண்டு பெட்டி வாங்கினார்.

மதியச் சாப்பாடு சுழல் மேசை. சைவம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும் முதலில் வந்தது தக்காளியும் முட்டையும். முட்டை இங்கே சைவக் கணக்கில்தான் வருகிறது போலிருக்கிறது. மாமி பையிலிருந்து பருப்புப் பொடியை எடுக்க, எங்கள் மேசைக்கு மட்டும் கூட்டம் கூடிவிட்டது. முட்டைக்கோஸ் வதக்கல், உருளைக்கிழங்கைத் தலைமுடி மாதிரி மெல்லிசாகச் சீவி வினிகர் விட்டு வதக்கியது, இரண்டும் அருமை. உருளைக்கிழங்கு ரெண்டு தட்டு கேட்டு வாங்கினோம்.

பிறகு கைவினைக் கூடம். பேர்தான் கூடம், கடை. வாசலில் ஒரு இளைஞர் அச்சில் களிமண்ணை அழுத்தி வீரன் செய்து காட்டினார், ஐந்து நிமிடம். மீதி நேரம் ஜேட் வளையல், அரக்கு பூசிய அலமாரி, பட்டுக் கம்பளம். ஆளுயர வீரனைக் கப்பலில் சென்னைக்கே அனுப்பி வைக்கிறோம் என்று ஒருவர் என் பின்னாலேயே வந்தார். தலையில்லாத வீரன் ஒருவனை நிறுத்தியிருந்தார்கள். பின்னால் போய் நம் தலையை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். அது மட்டும் இலவசம். எல்லோரும் எடுத்தோம். ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருந்தது ஒன்றே முக்காலாயிற்று. தேர்களைப் பார்க்க இல்லாத நேரம் இங்கே எங்கிருந்து வந்தது என்று மேனேஜரைக் கேட்டேன். சிரித்தார். குழுப் பயணத்தின் விலை குறைவாக இருக்கிறதே எப்படி என்று யோசிக்கிறவர்களுக்கு விடை இந்தக் கடைகளில்தான் இருக்கிறது. மலிவாகப் போகிறோம், கடைக்குப் போகிறோம், கணக்கு சரிதான். ஆனால் நிரலில் 'கடை' என்றே போடலாமே.

அந்தக் கால் மணி நேரம் எதிலிருந்து கழிந்தது என்று ஊகித்திருப்பீர்கள். கோபுரத்துக்கு நாற்பது நிமிடம் இருபத்தைந்தானது.

நான் இந்த ஊருக்கு வர ஆசைப்பட்டதே இந்தக் கோபுரத்துக்காகத்தான். யுவான் சுவாங் என்ற சீன பௌத்தத் துறவியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அரசாங்க அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கிளம்பி, பாலைவனமும் மலையும் தாண்டி இந்தியாவுக்கு வந்து, நாளந்தாவில் படித்து, 645-இல் 657 நூல்களோடு இந்த ஊருக்குத் திரும்பியவர். அப்போது இதன் பெயர் சாங்ஆன், டாங் வம்சத்தின் தலைநகர். போகும்போது தடுத்த அரசாங்கம் வரும்போது ஊரைத் திரட்டி வரவேற்றது. கொண்டுவந்த ஏடுகளைப் பாதுகாக்க ஒரு கட்டடம் வேண்டும் என்று அவர் கேட்டு, 652-இல் எழும்பியது இது. கட்டும்போது அவரே கூடையில் செங்கல் சுமந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய சீடர் சொல்கிறார். முதலில் ஐந்து நிலை. பின்னால் இடித்துக் கட்டி உயர்த்தினார்கள். 1556-இல் இந்த மாநிலத்தையே புரட்டிப்போட்ட நிலநடுக்கத்தில் அடிபட்டு, இப்போது ஏழு நிலையோடு 64 மீட்டரில் நிற்கிறது. நிறமும் பூச்சும் இல்லாத வெறும் செங்கல். சற்றே சாய்ந்திருக்கிறது, கூர்ந்து பார்த்தால் தெரியும்.

எங்கள் குழுவில் காஞ்சிபுரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவியோடு வந்திருக்கிறார். சதுக்கத்தில், கையில் தடியோடு நிற்கும் யுவான் சுவாங் சிலைக்குக் கீழே அவரிடம் சொன்னேன்: "சார், இவர் உங்க ஊருக்கு வந்திருக்கார்." 640 வாக்கில் வந்தார். திராவிட நாட்டின் தலைநகர் காஞ்சி, நூற்றுக்கு மேல் பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள், மக்கள் படிப்பை மதிக்கிறவர்கள் என்று எழுதியிருக்கிறார். நாளந்தாவின் தலைவராயிருந்த தர்மபாலர் பிறந்த ஊர் என்றும் குறித்திருக்கிறார். அங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேறத்தான் எண்ணம். ஆனால் அங்கே அரசன் இறந்து, பஞ்சமும் குழப்பமும் என்று அக்கரையிலிருந்து வந்த துறவிகள் சொல்லவே திரும்பிவிட்டார். அப்போது காஞ்சியில் ஆண்டவன் மாமல்லன் நரசிம்மவர்மன்.

"தெரியும் சார், எட்டாம் வகுப்புக்கு நானே நடத்தியிருக்கேன்" என்றார் ஆசிரியர். "ஆனா அந்த ஆள் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன்னு நெனைக்கல." அவர் மனைவி எங்கள் இருவரையும் சிலையோடு சேர்த்துப் படம் எடுத்தார். வழிகாட்டிப் பெண்ணுக்குக் காஞ்சிக் கதை புதிது. 2015-இல் பிரதமர் மோடி இங்கே வந்ததையும் சீன அதிபர் ஷி கூடவே வந்து காட்டியதையும் அவர் சொன்னார். நாங்கள் 2019-இல் அதே இருவரும் மாமல்லபுரத்தில் நடந்ததைச் சொன்னோம். மாமல்லன் பேரில் உள்ள ஊர் என்றதும் போனில் குறித்துக்கொண்டார். அடுத்த குழுவுக்குச் சொல்வாராம்.

மேலே ஏறத் தனிச் சீட்டு, நேரமும் இல்லை. புத்தர் சன்னிதியில் ஊதுவத்தி வைத்துவிட்டு, மொழிபெயர்ப்பு வேலையைச் சொல்லும் செதுக்குப் படங்களை ஓடிக்கொண்டே பார்த்தேன். திரும்பி வந்த பிறகு அவர் ஊர் சுற்றவில்லை. 664-இல் இறக்கும் வரை, பத்தொன்பது வருடம், உட்கார்ந்து மொழிபெயர்த்தார். சக்கரவர்த்திக்கு மூன்று மணி நேரம் கொடுத்த நிரல், இவருக்கும் ஒரு மணி நேரமாவது கொடுத்திருக்கலாம். ஷியானுக்குத் தனியாக வருகிறவர்கள் காலையில் முதல் வேலையாக இங்கே வந்துவிடுங்கள்.

நகர மதில் நன்றாக இருந்தது. மிங் வம்சத்தின் காலத்தில், 1370-களில் கட்டியது. ஊரின் நடுப்பகுதியை முழுசாகச் சுற்றிக்கொண்டு 13.7 கி.மீ. மேலே இரண்டு லாரி எதிரெதிரே போகிற அகலம். வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கிறது. மாமி புடவையோடு ஒரு பெரிய வட்டம் அடித்துவிட்டு வந்தார். சீனப் பிள்ளைகள் நாலு பேர் பின்னாலேயே ஓடிப் படம் எடுத்தார்கள்.

முஸ்லிம் தெருவுக்குப் பக்கத்தில் மணிக்கூண்டும் முரசு மண்டபமும் விளக்கு போட்டு ஜொலித்தன. தெருவுக்குள் கடை வாசல் முழுக்க நிலக்கடலை மிட்டாயை இரண்டு பேர் பெரிய மரச் சம்மட்டிகளால் மாறி மாறி அடிக்கிற சத்தம். ஆட்டுக்கறிக் கம்பிகள், புகை, சீரக வாசனை. சைவர்களுக்குச் சீமைப்பனிச்சைப் பழத்தை (பெர்சிமன்) மாவோடு பிசைந்து பொரித்த அப்பம். உள்ளே இனிப்புப் பூரணம். அப்புறம் பெல்ட் அகலத்துக்கு இழுத்த கோதுமை நூடுல்ஸ்: வேகவைத்து, மேலே பூண்டும் மிளகாய்த் தூளும் வைத்து, காய்ந்த எண்ணெயை விடுகிறார்கள், சொர்ரென்று சத்தம் அடங்குவதற்குள் கலந்து தின்னவேண்டும். ஒரு தட்டு இரண்டு பேருக்குக் காணும். மண் ஜாடியில் தயிர் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாலு ஜாடி வாங்கி, ஹோட்டலில் சோறு கேட்டுப் பிசைந்தார்கள். தயிர் இனிப்பு. மாங்காய்த் தொக்கு வைத்துக்கூட அதைக் காப்பாற்ற முடியவில்லை. இந்தத் தெருவுக்குள் இருக்கும் பெரிய மசூதி, குவிமாடம் இல்லாமல் சீன ஓட்டுக் கூரையோடு கட்டினது, நிரலில் இல்லை.

நாளைக் காலை குய்லின் விமானம். ஐந்தரைக்குப் பெட்டிகள் அறை வாசலில் இருக்கவேண்டும், ஆளுக்கு இருபது கிலோதான் என்று மேனேஜர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி பெட்டி ஏற்கெனவே இருபத்துநாலு. அந்த ரெண்டு பெட்டி மண் வீரர்களை யார் பையில் ஏற்றுவது என்ற பேச்சுவார்த்தை லாபியில் நடந்துகொண்டிருக்கிறது.